விடிவதற்குள் நெய்து முடிக்க வேண்டும்

கேள்வி இதுதான். "ரங்கூனில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி பெண்கள் புத்தர் கோவிலில் தறி போட்டு விடிய விடியப் போட்டி போட்டு நெய்கிறார்களாமே, தர்மத்துக்காக நடக்கும் பந்தயம் என்கிறார்கள், அது என்ன, எங்கிருந்து வந்தது, தானம் கொடுப்பதற்கு எதற்கு இவ்வளவு அவசரம்?" கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர். நான் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவன், தாத்தா குடியாத்தத்திலிருந்து வந்தவர், லுங்கித் தறிக் குடும்பம். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீளமாகப் போகும், பரவாயில்லை என்றால் படியுங்கள்.

இதற்குப் பெயர் மதோ திங்கான். பர்மியில் 'திங்கான்' என்றால் துறவி உடுத்தும் காவி. 'மதோ' என்பதற்கு எல்லாரும் 'புதிய' என்று பொருள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், ஆனால் அது சரியாக ஒட்டாது. ராத்திரி வைத்த சோறு காலையில் நாறுகிறதே, அதைப் பர்மியில் 'தோ' என்பார்கள், 'ம' என்றால் இல்லை. ஆக மதோ திங்கான் என்றால் ஊசிப்போகாத காவி. துணி எப்படி ஊசிப்போகும் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் உங்கள் 'எதற்கு அவசரம்' என்ற கேள்விக்குப் பதிலே இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எப்போது நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மியக் காலண்டரில் எட்டாவது மாதம் தசாங்மோன். அதன் பௌர்ணமிதான் தசாங்டைங் விளக்குத் திருவிழா, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிக்குள் எப்போதாவது விழும். பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் தறிகள் ஓட ஆரம்பிக்கும், பௌர்ணமி விடியும்போது நிற்க வேண்டும். ரங்கூனில் ஷ்வேடகோன் பயாவில் நடப்பது பிரசித்தம், நாட்டில் வேறு பல பயாக்களிலும் நடக்கிறது. (பயா என்றால் பகோடா, அதாவது கோபுரம் மாதிரிக் கட்டிய புத்தர் கோவில். எங்கள் வீட்டில் யாரும் பகோடா என்று சொல்ல மாட்டோம், அது டீக்கடையில் சாப்பிடுவது.)

நான் முதன்முதலில் போனது பத்து வயதில், ஆயாவோடு (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்). தெற்கு வாசல் படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். மேலே ஏறினால் சலவைக்கல் தரை பனியில் ஜில்லென்று இருந்தது, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே தங்கக் கோபுரம், சுமார் 99 மீட்டர், விளக்கு வெளிச்சத்தில் அது ஒரு பக்கம் ஜொலிக்கிறது. ஆயா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகத் தறி வரிசைக்குப் போய் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாவு நல்லா விறைப்பா ஏத்தியிருக்காங்க, ஆனா இந்தப் பொண்ணு ஊடையை ரொம்ப இறுக்கி இழுக்குது கண்ணு, கரை சுருங்கிடும் பாரு" என்றாள். கரை சுருங்கத்தான் செய்தது. (பாவு என்றால் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல், அதைக் கொண்டுபோவது நாடா.)

குடியாத்தத்தில் நாம் அறிந்தது குழித்தறி, காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்வது. இங்கே மரச்சட்டத் தறி, பெஞ்சில் உட்கார்ந்து மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். மற்றபடி பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா எல்லாம் நம் தறியில் இருப்பதுதான், ஆயாவுக்கு எதையும் யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. ஒரு தறிக்கு ஒரு குழு. ஒருத்தி நெய்யும்போது இன்னொருத்தி நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவாள், ஒருத்தி அறுந்த நூலைப் பிணைப்பாள், கை ஓய்ந்தால் ஆள் மாறிக்கொள்வார்கள். கன்னிப்பெண்கள்தான் நெய்ய வேண்டும் என்று வழக்கு, இப்போது நடுவயதுப் பெண்களும் உட்காருகிறார்கள், யாரும் கல்யாணப் பத்திரிகை கேட்பதில்லை.

பாவை முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். இதை ஏதோ ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், தறி பார்த்தவர்களுக்குத் தெரியும், பாவு ஓடி, அச்சு பிணைத்து ஏற்றுவதற்கே ஒரு பகல் போய்விடும். பந்தயம் ஊடையில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 40 ஊடை என்று வைத்தால் ஒரு கஜத்துக்கு 1,440 தடவை நாடா குறுக்கே ஓட வேண்டும். பத்து கஜத்துக்கு 14,400. ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் என்றால் 720 நிமிஷம், அதாவது நிற்காமல் நிமிஷத்துக்கு 20. கைதேர்ந்த நெசவாளிக்கு அது பெரிய வேகமே இல்லை, பகலில் வீட்டுத் தறியில் அதைப்போல் மூன்று மடங்கு ஓட்டுவார்கள். ஆனால் இது ராத்திரி, பனி, நூல் ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது, சுற்றிலும் கூட்டம், ஒலிபெருக்கி, நூல் அறுந்தால் நிறுத்திப் பிணைக்க வேண்டும், மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது கால் ஒரு மிதி தவறினால் அந்த வரிசையைப் பிரித்து மறுபடி நெய்ய வேண்டும். அதுவும் நெய்தால் மட்டும் முடிந்துவிடாது. துண்டுகளை வெட்டித் தைத்துக் காவியாக்கி, விடியும்போது நான்கு திசையிலும் இருக்கிற புத்தர் சிலைகளுக்குச் சாத்த வேண்டும்.

வெட்டித் தைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல், எனக்கு மிகவும் பிடித்தது. பிக்குகளின் காவியை விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே துணி மாதிரித் தெரியும், ஆனால் கட்டம் கட்டமாக ஒட்டுப் போட்டிருக்கும். புத்தர் மகத நாட்டில் போய்க்கொண்டிருந்தபோது வரப்பு கட்டிய வயல்களைப் பார்த்துவிட்டுச் சீடர் ஆனந்தரிடம், காவியை இப்படித் தைக்க முடியுமா என்று கேட்டார், ஆனந்தர் தைத்துக் காட்டினார் என்று வினய நூல்கள், அதாவது பிக்குகளின் ஒழுக்க விதி நூல்கள், சொல்கின்றன. உள்ளே வரும் தையல்கோடுதான் வரப்பு. நெல் வயலை உடுத்திக்கொண்டு போகிறார்கள் என்று ஆயா சொல்வாள், அவளுக்கு இந்தக் கதையை யார் சொன்னார்களோ. இன்னொரு காரணமும் உண்டு, வெட்டிய துணியைத் திருடனும் விரும்ப மாட்டான், வாங்கிக்கொள்பவருக்கும் அதன்மேல் ஆசை வராது.

சரி, அவசரத்துக்கு வருகிறேன். இதற்கு மரபில் இரண்டு வேர். இங்கே இருப்பவர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், நான் பிரித்தே சொல்கிறேன்.

முதல் வேர் தாயார் கதை. சித்தார்த்தர் பிறந்து ஏழாம் நாள் மாயாதேவி இறந்து தேவலோகத்தில் பிறந்துவிட்டாள். அங்கிருந்து பார்க்கிறாள், மகன் அரண்மனையை விட்டு இறங்கப்போகிறான், விடிந்தால் ராஜ உடையைக் கழற்றிப் போடப்போகிறான், போட்டுக்கொள்ள ஒரு காவி வேண்டுமே. ராத்திரி முழுக்க உட்கார்ந்து நெய்து, விடிவதற்குள் முடித்து, ஒரு தேவன் கையில் கொடுத்தனுப்பினாள். அதன் நினைவாகத்தான் ஒரே ராத்திரியில் நெய்கிறோம் என்பார்கள் தறியில் உட்காரும் பெண்கள். இது பர்மிய மரபுக் கதை. பாலி மொழி உரைகளில் சித்தார்த்தருக்குக் காவியும் திருவோடும் மற்றதும் சேர்த்து எட்டுப் பொருளையும் கொண்டுவந்து கொடுப்பவன் கடீகாரன் என்கிற பிரம்மன், பழைய பிறவியில் நண்பன். பர்மியப் பெண்கள் அந்த வேலையை நண்பனிடமிருந்து வாங்கித் தாயாரிடம் கொடுத்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் நல்ல மாற்றம். பிள்ளை காலையில் ஊருக்குக் கிளம்புகிறான் என்றால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முறுக்கு சுடுகிற அம்மாவை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது வேர் கத்தெய்ன், மழைக்காலம் முடிந்ததும் பிக்குகளுக்குக் காவி கொடுக்கும் விழா. பாலியில் கடின. ஆமாம், நம் 'கடினம்' என்ற அதே சொல்தான். துணியை இழுத்துக் கட்டித் தைப்பதற்கு வைத்திருந்த விறைப்பான மரச்சட்டத்துக்கு அந்தப் பெயர், அதிலிருந்து விழாவுக்கே பெயராகிவிட்டது. கதை இப்படி: பாவா பக்கத்திலிருந்து முப்பது பிக்குகள் சாவத்தியில் இருந்த புத்தரைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் சாகேதத்திலேயே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் மூன்று மாதம் பிக்குகள் ஒரே இடத்தில் தங்க வேண்டும், நகரக்கூடாது. புத்தர் ஆறு யோசனை தூரத்தில் இருக்கிறார், போகவும் முடியாது. மூன்று மாதம் முடிந்த மறுநாளே, இன்னும் மழை ஓயாத நிலையில், சேறும் சகதியுமாக நடந்து நனைந்த காவியோடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் மழைக்காலம் முடிந்தபின் பிக்குகளுக்குப் புதுக் காவி செய்துகொள்ள ஒரு மாதச் சலுகை கொடுத்தார் என்பது மரபு. இன்றைக்கும் முந்தின மாதமான தடிஞ்சுட்டின் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி தசாங்மோன் பௌர்ணமியோடு அந்த மாதம் முடிகிறது. ஒரு மடத்துக்கு வருஷத்தில் ஒரே ஒரு கத்தெய்ன்தான், குறைந்தது ஐந்து பிக்குகளாவது இருக்க வேண்டும், யாருடைய காவி ரொம்பக் கிழிந்திருக்கிறதோ அவருக்குக் கொடுப்பதே முறை. நிபந்தனைகளில் கெட்டியானது எது தெரியுமா, துணி வந்த அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயம் போட்டு, உலர்த்தி முடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளிவைத்தால் அது கத்தெய்ன் ஆகாது.

அந்த 'அன்றைக்கே' எப்போது முடிகிறது? நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு அல்ல. வினயத்தில் ஒரு நாள் என்பது அருணோதயத்திலிருந்து அடுத்த அருணோதயம் வரை, நம் பஞ்சாங்கத்திலும் பொழுது விடிந்தால்தானே நாள் பிறக்கிறது. பர்மியில்கூட விடியற்காலை சாமிக்குப் படைக்கும் சோற்றுக்குப் பெயர் 'ஆயோன் சுன்', அந்த ஆயோன் என்பது நம் அருணன்தான், உருத் தெரியாமல் தேய்ந்து கிடக்கிறான். ஆகவே ராத்திரி நெய்வதும் அன்றைய நாளுக்குள்ளேதான், கிழக்கு வெளுத்தால் நாள் கடந்தது, துணி நேற்றுத்துணி ஆகிவிட்டது. ஊசிப்போய்விட்டது. மதோ என்ற சொல்லின் அர்த்தம் இதுதான். தானம் என்று மனசில் நினைத்தபின் அதை ஒரு ராத்திரி வைத்துக்கூடக் கொடுக்கக்கூடாது. சமைத்த சோற்றை எப்படி வைத்திருந்து நாளைக்குப் பிச்சை போட மாட்டோமோ அப்படி.

இதனால்தான் இதைப் பந்தயம் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும். பந்தயம்தான், முதல் பரிசு இரண்டாம் பரிசு எல்லாம் உண்டு, வேகத்தையும் பார்க்கிறார்கள், நெசவு நேர்த்தியையும் பார்க்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தறிக்காரி ஜெயித்துவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. சூரியன் ஜெயித்துவிட்டால்தான் ராத்திரி முழுக்கச் செய்த வேலை வீண். பரிசு வாங்காத குழு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். விடிந்தும் துணி முடியாத ஒரு குழுவில் இரண்டு பெண்கள் தறியிலேயே தலை வைத்து அழுததையும் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், யாரும் அவர்களைப் பார்க்காத மாதிரி கடந்து போனார்கள்.

கறாராகச் சொன்னால் மதோ திங்கான் கத்தெய்ன் இல்லை. கத்தெய்ன் காவி சங்கத்துக்கு, அதாவது உயிரோடு இருக்கும் பிக்குகளுக்கு. மதோ திங்கான் சிலைக்கு. இதில் ஒரு முரணும் உண்டு. சித்தார்த்தரை வளர்த்த சிற்றன்னை கோதமி தன் கையாலேயே நூற்று நெய்து ஒரு ஜோடித் துணியைக் கொண்டுவந்து புத்தரிடம் கொடுக்கிறாள், மூன்று தடவை கேட்டும் அவர், சங்கத்துக்குக் கொடு கோதமி, அப்போதுதான் எனக்கும் சங்கத்துக்கும் கொடுத்ததாகும் என்கிறார். அந்தக் கோதமியையும் இந்த ராத்திரியில் நினைத்துக்கொள்கிற அதே பெண்கள் நெய்ததைக் கொண்டுபோய்ப் புத்தர் சிலைக்கே சாத்துகிறார்கள். படித்த பிக்குகள் இதைச் சுட்டிக்காட்டுவதுண்டு. பெண்கள் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. தாயும் சிற்றன்னையும் ஆசைப்பட்டதை நாங்கள் செய்கிறோம் என்பது அவர்கள் எண்ணமாக இருக்கும், நானும் அவர்கள் பக்கம்தான்.

ஒரே நாளில் முடிப்பது பர்மாவுக்கு மட்டும் சொந்தமில்லை. தாய்லாந்தில் சுல கதின் என்று உண்டு, அது இதைவிடப் பெரிய கூத்து, பஞ்சு பறிப்பதிலிருந்து கொட்டை நீக்கி, நூற்று, நெய்து, தைத்து, சாயம் போடுவதுவரை எல்லாம் ஒரே நாளில், ஊரே கூடினால்தான் முடியும். பாலி உரைக்கதை ஒன்றில் புத்தரின் சீடர் அனுருத்தருக்குக் காவி தைக்கும்போது மகாகாசியபர் ஒரு தலைப்பிலும் சாரிபுத்தர் நடுவிலும் ஆனந்தர் மறு தலைப்பிலும் உட்கார்ந்து தைக்க, மற்ற பிக்குகள் நூல் முறுக்க, புத்தரே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார் என்று வருகிறது. ஊசியில் நூல் கோப்பதற்குக்கூட ஒரு புத்தர் வேண்டியிருந்திருக்கிறது பாருங்கள், அவ்வளவு அவசரம்.

இப்போது 'தர்மம்' என்ற பாதிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் அமெரிக்காவில் தர்ம ஓட்டம் என்றால் ஓடுகிறவர் பேரில் காசு வசூலித்து ஆஸ்பத்திரிக்கோ அனாதை இல்லத்துக்கோ கொடுப்பார்கள். அப்படி நினைத்துக்கொண்டு இங்கே வந்தால் உண்டியல் எங்கே என்று தேடுவீர்கள். இங்கே நெய்கிற வேலையே தானம். உடம்பு உழைப்பும் ஒரு ராத்திரித் தூக்கமும்தான் கொடுக்கிற பொருள். பணம் வேறு பாதையில் போகிறது, அதே மாதத்தில் தெருத் தெருவாகப் பதேதாபின் கட்டுவார்கள், மூங்கில் சட்டத்தில் மரம் மாதிரி செய்து பண நோட்டை விசிறியாக மடித்து இலை இலையாகச் செருகி, சோப்பு, துண்டு, குடை, பாத்திரம் எல்லாம் தொங்கவிட்டு ஊர்வலமாக மடத்துக்குக் கொண்டுபோவார்கள். பெயரைக் கேட்டால் புரியாது, பொருள் நம் கற்பக மரம்தான். அந்தக் காசு மடத்துக்குத்தானே போகிறது, ஏழைக்கு என்ன என்று கேட்கலாம். இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்ட முடியாத பிள்ளைகள் படிப்பது மடத்துப் பள்ளிக்கூடத்தில்தான், சோறும் அங்கேதான். எங்கள் தெருவிலேயே தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் அப்படிப் படித்து வந்தவர்கள்.

கொடுத்துக் கொடுத்தே பழகிய ஜனம் இது. உலகக் கொடை வரிசை என்று வருஷா வருஷம் ஒரு கணக்கு வெளியாகிக்கொண்டிருந்தது, போன மாதம் பணம் கொடுத்தீர்களா, இலவசமாக வேலை செய்தீர்களா, முன்பின் தெரியாதவருக்கு உதவினீர்களா என்று மூன்று கேள்வி கேட்டுத் தயாரிப்பது. அதில் 2014 முதல் 2017 வரை பர்மாதான் முதலிடம், 2014-இல் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து. பணக்கார நாடா இது? ஒரு கை அரிசி கொடுத்தாலும் கொடுத்தவர் 'அம்யா அம்யா அம்யா' என்று கூவுவார், இந்தப் புண்ணியத்தில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம், கேட்டவர்கள் 'தாது தாது தாது' என்பார்கள், அது நம் சாது. விடியற்காலையில் காவி சாத்தி முடித்ததும் அந்த மேடை முழுக்க இந்தச் சத்தம்தான். நெய்தவருக்கும் பார்த்தவருக்கும் சமபங்கு, அதனால் ஓரமாக நின்று குறை சொல்லிக்கொண்டிருந்த என் ஆயாவுக்கும் பங்கு உண்டு.

தமிழர்களுக்கும் இந்தத் திருவிழாவுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்பீர்கள். நேரடியாகச் சொன்னால், நெய்வதில் தமிழ்ப் பெண்கள் குறைவு, வேடிக்கை பார்ப்பதிலும் அன்னதானத்திலும் நிறைய. சத்துடிதா என்று நான்கு திசைக்காரர்களுக்கும் சோறு போடுவார்கள், அதில் நம்மவர் சாம்பார் சாதம் போடும் பந்தலும் இருக்கும். ஆனால் அடியில் ஆழமாக ஒரு சம்பந்தம் இருக்கிறது. தசாங்டைங் பௌத்தத்துக்கு முந்தியது என்றும் கத்திகா, அதாவது கார்த்திகை நட்சத்திரத்துக்காக ஏற்றிய விளக்கிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். பர்மியர் சந்திர மாதம் பார்க்கிறார்கள், நாம் சூரிய மாதம் பார்க்கிறோம், அதனால் அவர்கள் விளக்கும் நம் தீபமும் சில வருஷம் ஒரு மாதம் விலகிப்போகும். 2024-இல் இங்கே நவம்பர் 15, திருவண்ணாமலையில் டிசம்பர் 13. ஆனால் 2023-இல் திருவண்ணாமலை தீபம் நவம்பர் 26, இங்கே பௌர்ணமி 27. அதாவது அங்கே மலையில் கொப்பரை எரிந்துகொண்டிருந்த அதே ராத்திரிதான் இங்கே தறி ஓடிய ராத்திரி. அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் அகல் ஏற்றியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பர்மியம்மா, நீங்களும் தசாங்டைங் கொண்டாடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

இந்த மண்ணில் விளக்குத் தானத்தைத் தமிழில் எழுதிவைத்த கல்வெட்டே இருக்கிறது. பழைய தலைநகரான பாகனில் மியின்கபா ஊரில் கிடைத்தது, 13ஆம் நூற்றாண்டு, கேரளக் கரையில் இருந்த மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்ற ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோவிலுக்கு மண்டபமும் கதவும் ஒரு விளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. நானாதேசி என்றாலே பல நாட்டு வியாபாரிகள்தான். அப்புறம் செட்டியார் வந்தார், கூலிக்காரர் வந்தார், என் தாத்தா மாதிரி லுங்கி மூட்டையோடு வந்தவரும் வந்தார். சென்னை மாகாணத்துக் கைலியைப் பர்மியர் விரும்பி உடுத்திய காலம் அது. 1942-இல் நடந்தே போனவர்கள், 1960களில் கப்பலில் போனவர்கள் என்று லட்சக்கணக்கில் திரும்பிப் போனார்கள். எங்கள் குடும்பம் போகவில்லை. தாத்தாவின் தறி போய்விட்டது. அதனால்தான் ஆயா வருஷா வருஷம் அந்தத் தறி வரிசையில் போய் நின்றாள் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, அவள் புத்தரைக் கும்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை.

மாற்றம் வந்திருக்கிறதா என்றால் வந்திருக்கிறது, எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒலிபெருக்கி வர்ணனை தாங்க முடியவில்லை, கிரிக்கெட் மாதிரி எந்தக் குழு எத்தனை கஜம் என்று கத்துகிறார்கள். நெசவே தொழிலாக இருப்பவர்கள் ஒரு குழுவாக வந்து உட்கார்ந்தால் வீட்டில் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட பெண்கள் எப்படி ஈடு கொடுப்பார்கள்? இதைச் சொன்னால் சின்னவர்கள் சிரிக்கிறார்கள், தாத்தா, போட்டி இல்லையென்றால் இந்த ராத்திரி எவள் தறி கற்றுக்கொள்வாள் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. கடையில் மில் காவி அடுக்கி வைத்து விற்கிறார்கள், கத்தெய்னுக்கு எல்லாரும் அதைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள், பிளாஸ்டிக் பையோடு. கைத்தறி இந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அமரபுரத்தில் லுன்தயா என்று ஒரு நெசவு, பெயருக்கே நூறு நாடா என்றுதான் அர்த்தம், இன்லே ஏரியில் தாமரைத் தண்டை ஒடித்து அதில் வரும் நாரை முறுக்கி நூலாக்கிக் காவி நெய்கிறார்கள், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏரிக் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் மடத்துப் பெரியவருக்குக் கொடுப்பதற்காகத் தொடங்கியது அது. அதுவும் தானத்தில் பிறந்த நெசவுதான். ஆனால் அதெல்லாம் மெதுவான வேலை, விலையும் கைக்கு எட்டாது. சாதாரணப் பெண் சாதாரணப் பஞ்சு நூலில் சாதாரணக் காவி நெய்வதை ஊரே பார்க்க நிற்கிற ராத்திரி இது ஒன்றுதான்.

இதே மாதிரி ஆண்களுக்கு ஒரு பந்தயம் உண்டு, தபோட்வே மாதத்தில், நம் பொங்கல் கழிந்து ஒன்றரை மாதத்துக்குள் வரும். தமனே என்று ஒட்டரிசி, எள், வேர்க்கடலை, தேங்காய், இஞ்சி போட்டுப் பெரிய இரும்புச் சட்டியில் துடுப்பு மாதிரிக் கட்டையால் கிண்டுவது. குழுக் குழுவாகப் போட்டி போட்டுக் கிண்டி, படைத்துவிட்டு எல்லாருக்கும் வாழையிலையில் கொடுப்பார்கள். சர்க்கரை இல்லாத பொங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.

வந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சாயங்காலம் கூட்டம் பார்க்கத்தான் கூட்டம் வரும், நிஜமான நெசவு பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும், அதனால் குளிருக்கு மேலே ஏதாவது போர்த்திக்கொள்ளுங்கள், கால் விறைக்கத்தான் செய்யும். பௌர்ணமி ராத்திரி வீட்டுச் சாமான்களை வெளியே வைக்காதீர்கள், சீமனோ என்று காக்கைக்குக்கூடத் தெரியாமல் அடுத்தவர் பொருளை ஒளித்துவைக்கிற விளையாட்டு உண்டு, என் சைக்கிள் ஒரு தடவை தெருக்கோடி மாமரத்தில் தொங்கியது. யாராவது மெஸலி மொட்டுச் சாலட் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள், நம் ஊர் மஞ்சள் கொன்றை, அன்றைக்கு மட்டும் மருந்து என்பார்கள், கசக்கும். தறிப் பக்கத்தில் நிற்கும்போது நூல் அறுந்து அந்தப் பெண் குனிந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள், அவள் பிணைத்து முடித்து மறுபடி மிதிக்கிற சத்தம் கேட்டபின் பேசிக்கொள்ளலாம்.